மலிவின் இரு முனைகள்: ஊவாத் தோட்டங்களும் கடைச் சிப்பந்திகளும்

இலங்கைப் பெருந்தோட்டத்துறையின் வரலாற்றை எழுதியோர் கொழுந்து மலையையும் ஆலையையும் லயத்தையும் நோக்கிய அளவிற்குக் கடையை நோக்கினாரல்லர். துரைமாரின் நினைவுக் குறிப்புகளில் தோட்டத்துக் கடை வழியோரத்து வேடிக்கைக் காட்சியாக வந்து மறைகின்றது. தொழிற்சங்க வரலாறுகளில் அது தொழிலாளியைக் கடனில் வீழ்த்தும் பொறியாகக் கண்டிக்கப்படுகின்றது. கண்டனம் நியாயமானதே. ஆயினும், அக்கடையின் மேசைக்குப் பின்னால் விடியற்காலை தொட்டு விளக்கு வைக்கும் வரை நின்று அளந்தும் நிறுத்தும் கொடுத்தவன் யார், அவனுக்கு என்ன ஊதியம், குறைவு ஏற்பட்டபோது அதனை எவன் தலையில் சுமத்தினர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படவேயில்லை. ‘கடைக்காரன்’ என்ற ஒரே சொல்லுக்குள் முதலாளியையும், அவனிடம் சம்பளத்துக்கு நின்ற சிப்பந்தியையும் ஒருங்கே அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது.

ஏழைகளுக்கு மலிவாக விற்கும் கடை எங்கிருப்பினும் அதில் இருவகை உழைப்பு மறைந்திருக்கின்றது. ஒன்று பண்டத்தை விளைவித்தவனது உழைப்பு. மற்றையது அதனை மேசை மேல் வைத்து விற்பவனது உழைப்பு. இவ்விரண்டும் ஒரே வரலாற்றுக் கதையில் ஒன்றுசேர்ந்து தோன்றும் இடங்கள் உலகில் மிகச் சில. அவற்றுள் ஒன்று ஊவா மாகாணம். இதற்குக் காரணமானவர் ஒரு மலிவு விலைக் கடைக்காரர்.

தோமஸ் லிப்டன் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஐரிஷ் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். பெற்றோர் சிறிய மளிகைக் கடையொன்று நடத்தினர். இளமையில் அமெரிக்கா சென்ற அவர் தென் மாநிலங்களில் தோட்டங்களில் வேலை பார்த்தார். பின்னர் நியூயோர்க்கில் பெரிய அங்காடியொன்றின் மளிகைப் பகுதியில் சிப்பந்தியாக நின்றார். மேசையின் இப்பக்கத்திலிருந்து கற்றதைக் கொண்டு, 1871 இல் கிளாஸ்கோவின் ஸ்ரொப்குறொஸ் வீதியில் தமது முதற் கடையைத் திறந்தார். தொழிலாளர் குடும்பங்களுக்கு வெண்ணெய், பன்றியிறைச்சி, பாற்கட்டி, முட்டை ஆகியவற்றை இடைத்தரகர் இன்றி மலிவாக விற்பதே அவரது உத்தி. ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குள் பிரித்தானியாவெங்கும் நூற்றுக்கணக்கான கிளைகள் தோன்றின. ஒரே பெயர்ப்பலகை, ஒரே விலை, ஒரே மாதிரி வெள்ளைச் சீலை கட்டிய சிப்பந்திகள் என்ற அமைப்பு அன்று புதியது. பின்னாளில் உலகெங்கும் பரவிய கிளைக் கடை முறையின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் கொள்ளப்படுவதில் வியப்பில்லை.

இக்கடைகளுக்குத் தேயிலை தேவைப்பட்டது. சாதாரண கடைகளில் ஓர் இறாத்தல் தேயிலை மூன்று ஷில்லிங் வரை விற்கப்பட்ட காலத்தில், அதனை ஒரு ஷில்லிங் ஏழு பென்சுக்கு விற்க லிப்டன் விரும்பினார். கோப்பி நோயினால் நொடித்துப்போன இலங்கைத் தோட்டங்கள் அப்போது குறைந்த விலைக்குக் கிடைத்தன. 1890 இல் இங்கு வந்த அவர், ஹப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதென்னை உள்ளிட்ட ஊவாத் தோட்டங்கள் பலவற்றை வாங்கினார். இன்று உல்லாசப் பயணிகள் ஏறிச் சென்று படம் பிடிக்கும் ‘லிப்டன் ஆசனம்’ என்னும் மலையுச்சி அக்காலத்தின் எச்சம். அவ்வுச்சியில் நின்று பார்ப்போர்க்கு நான்கு புறமும் பசுமை தெரியும். அப்பசுமை கிளாஸ்கோவின் ஒரு மலிவுக் கடையின் பின்கட்டு என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மேசையின் அப்பக்கம் நின்ற பிரித்தானியச் சிப்பந்திகளின் நிலை யாது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அந்நாட்டுக் கடைத் தொழிலாளரில் பெருந்தொகையினர் கடையின் மேல்மாடியிலோ முதலாளியின் விடுதியிலோ தங்கி வேலை செய்தனர். உணவும் படுக்கையும் ஊதியத்தின் பகுதியாகக் கணிக்கப்பட்டன. எத்தனை மணிக்கு விளக்கணைப்பது என்பது முதல் ஞாயிற்றுக்கிழமை எங்கு போவது என்பது வரை விதிகள் இருந்தன. விதி மீறினால் தண்டப் பணம். எச். ஜி. வெல்ஸ் என்னும் எழுத்தாளர் இளமையில் துணிக்கடைப் பயிலுநராக இருந்தவர். 1905 இல் வெளிவந்த ‘கிப்ஸ்’ என்ற நாவலில் அவ்வாழ்க்கையைச் சித்திரித்தார். 1886 ஆம் ஆண்டின் சட்டமொன்று 18 வயதுக்குட்பட்ட கடைச் சிப்பந்திகளின் வேலை நேரத்தை வாரத்துக்கு 74 மணித்தியாலங்களாக ‘மட்டுப்படுத்தியது’. மட்டுப்படுத்தப்பட்ட அளவே அதுவெனின், அதற்கு முந்திய அளவைக் கற்பனை செய்துகொள்ளலாம். வாரத்தில் அரைநாள் ஓய்வு 1911 இலேயே சட்டமாகியது.

இதே காலத்தில் மலிவின் மறு முனையாகிய ஊவாத் தோட்டங்களில் கடை என்பது வேறொரு வடிவம் கொண்டிருந்தது. அங்கு முதன்மையான ‘கடை’ தோட்டத்தின் அரிசிக் களஞ்சியமே. தென்னிந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குச் சென்றது. புகையிரதப் பாதை 1894 இல் பண்டாரவளையை அடைந்தது. பதுளையை அடைய 1924 வரை சென்றது. இடைப்பட்ட 30 ஆண்டுகளும் பதுளைக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்கு அரிசி மாட்டுவண்டியிலும், வண்டி ஏறாத சரிவுகளில் தலைச்சுமையாகவுமே சேர்ந்தது. மழைக்காலத்தில் பாதை இடிந்தால் அரிசி நின்றது. எனவே தோட்டத்துக்கு அரிசி வழங்குவதைத் துரைமார் தங்கள் கருணையாகக் கூறிக்கொண்டனர். ஆளை வரவழைத்து ஆளில்லா மலையில் இருத்தியவர்களுக்கு அவனை உண்பிக்க வேறு வழியிருக்கவில்லை என்பதே மெய்.

அவ்வரிசி விற்பனைப் பண்டமுமன்று, தானமுமன்று. அளந்து கொடுத்து, செக்ரோலில் பதிந்து, சம்பள நாளன்று கழித்துக்கொள்ளப்பட்டது. 1889 ஆம் ஆண்டின் தொழிற்சட்டம், ஒரு மாதச் சம்பளத்தை அம்மாதம் முடிந்து 60 நாட்களுக்குள் கொடுத்தாற் போதுமென்றது. இரண்டு மாதம் கையில் காசில்லாதவன் அரிசிக்குத் தோட்டத்தையும், உப்பு, கருவாடு, மிளகாய், வெற்றிலைக்குக் கடையையும் கடனுக்கு நாடாது வேறென் செய்வான்? தோட்ட எல்லைக்குள்ளிருந்த கடையைப் பெரும்பாலும் வெளி வியாபாரி குத்தகைக்கு எடுத்திருப்பான். அன்றேல் பெரிய கங்காணியோ அவனது உறவினனோ நடத்துவான். கங்காணிக்குப் பட்ட கடன், கடைக்குப் பட்ட கடன், வழிச்செலவுக் கடன் யாவும் திரண்டு ‘துண்டு’ என்னும் காகிதத்தில் ஏறின. அத்துண்டிற் கண்ட தொகையைச் செலுத்துபவரே அத்தொழிலாளியை எடுத்துக்கொள்ளலாம். 1921 இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை கடைப் பற்றுப் புத்தகம் தொழிலாளியின் நடமாட்டத்தைத் தீர்மானிக்கும் ஆவணங்களுள் ஒன்றாகவே இருந்தது.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு அவசியமாகின்றது. ஊதியத்தைப் பண்டமாகக் கொடுப்பதைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1831 இலேயே தன் நாட்டுக் கைத்தொழிலாளர் பலர் விடயத்தில் தடைசெய்திருந்தது. முதலாளியின் கடையிலேயே வாங்க வேண்டுமென்ற கட்டாயம் ஆங்கிலத் தொழிலாளனுக்கு அவமானம் எனக் கருதப்பட்டது. 1844 இல் றொச்டேல் நகரத்து நெசவாளரும் பிறரும் கூடிக் கூட்டுறவுக் கடை திறந்ததன் நோக்கங்களுள் ஒன்று கலப்படமற்ற பண்டமும் நேர்மையான நிறையும் பெறுவதே. அதே சட்டமன்றத்தின் ஆட்சிக்குட்பட்ட இலங்கையிலோ, 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அரிசியின் விலையையும் சேர்த்தே ஊதியத்தை நிர்ணயித்தது. அச்சட்டத்தின்கீழ் 1929 இல் உயர் மலைப் பிரதேசத்தில் ஆணுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் சிறுவருக்கு 32 சதமும் நாட்சம்பளமாயின. ஒரு புசல் அரிசி 6 ரூபா 40 சதம். ஒரு புசல் அரிசிக்கு ஆணொருவன் ஏறக்குறைய 12 நாளும், பெண்ணொருத்தி ஏறக்குறைய 15 நாளும் உழைக்க வேண்டும் என்பது இக்கணக்கின் பொருள். கூட்டுறவு இயக்கமும் இதற்கு விலக்கன்று. ஆங்கில, ஸ்கொட்டியக் கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கங்கள் தம் உறுப்பினருக்கு மலிவாகத் தேயிலை வழங்குவதற்கென இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையிலே தோட்டங்களை வாங்கி நடத்தின. கொழுந்து பறித்தவர் அச்சங்கங்களின் உறுப்பினராகவில்லை.

அரிசி அளக்கும் நாள் தோட்டத்தில் தனியொரு நாள். களஞ்சிய வாயிலில் கணக்கப்பிள்ளை பேரேட்டுடன் அமர்ந்திருப்பார். பெயர் கூப்பிடக் கூப்பிடப் பெண்கள் சாக்குடனும் சுளகுடனும் முன்வருவர். அளப்பவன் மரக்காலை நிறைத்து, மேலே கையால் வழித்துவிடுவான். அக்கை எவ்வளவு அழுந்த வழிக்கின்றது, மரக்காலைக் குத்தி நிறைக்கின்றானா தூவி நிறைக்கின்றானா என்பதில் ஒரு வேளைச் சோறு கூடவோ குறையவோ செய்யும். அளப்பவனும் அதே லயத்தில் குடியிருப்பவன். அவன் மனைவியும் அவ்வரிசையில் நிற்பவள். நிறையக் கொடுத்தால் களஞ்சியக் கணக்குக் குறையும். அக்குறைவு அவன் பேரில் விழும். குறையக் கொடுத்தால் லயத்தில் முகங்கொடுக்க முடியாது. வர்க்க உறவுகளைப் பற்றிப் பெரிய நூல்கள் கூறுவன யாவும் அம்மரக்காலின் விளிம்பில், வழித்துவிடும் அந்த ஒரு கையசைவில் நிகழ்ந்தன எனினும் மிகையன்று.

இரண்டாம் உலக யுத்தம் இவ்வமைப்பை மாற்றியது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமாயிற்று. இலங்கைக்கு வரும் அரிசி ஏறத்தாழ நின்றது. அரசாங்கம் பங்கீட்டு முறையை விரித்து, கூப்பன் புத்தகங்களை வழங்கியது. யுத்தத்துக்கு முன் மிகச் சிலவாயிருந்த நுகர்வோர் கூட்டுறவுக் கடைகள் இரண்டு மூன்று ஆண்டுகளுள் ஆயிரக்கணக்கில் பெருகின. அவற்றுக்குப் பண்டம் வழங்கும்பொருட்டு 1943 இல் கூட்டுறவு மொத்த விற்பனை நிலையம் தோன்றியது. பின்னாளில் ‘சதொச’ என மக்கள் நாவில் வழங்கியது இதுவே. 1957 இல் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் உருவாகி, எழுபதுகளின் தொடக்கத்தில் பெருஞ் சங்கங்களாக மறுசீரமைக்கப்பட்டன. ஒரு சங்கத்தின்கீழ்ப் பல கிளைகள், ஒரே விலைப் பட்டியல், தலைமைக் களஞ்சியத்திலிருந்து லொறியில் வரும் பண்டம் என்ற வகையில் இதுவும் ஒரு கிளைக் கடை அமைப்பே. இலாபத்தின் இடத்தில் பங்கீடு அமர்ந்தது. ஹப்புத்தளையிலும் வெலிமடையிலும் பசறையிலும் லுணுகலையிலும் மக்கள் இதனைக் ‘கூப்பன் கடை’ என்றே அழைத்தனர்.

1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட தோட்ட மக்களுக்கும் கூப்பன் இருந்தது என்பது நினைவுகூரத்தக்கது. வாக்குச் சாவடியில் பெயரில்லாதவருக்கு அரிசிக் கடையில் பெயரிருந்தது. அரசு அவர்களைத் தன் மக்களாக எண்ணிய ஒரே மேசை அதுவென்றுங் கூறலாம்.

கூப்பன் கடையின் வேலை, வெளிப்பார்வைக்குத் தோன்றுமளவு இலகுவானதன்று. லொறி வரும் நாள் தெரியும்; நேரம் தெரியாது. வந்ததும் சாக்குகளைக் கொக்கியால் இழுத்து இறக்கி அடுக்க வேண்டும். சாக்கு வழியில் கிழிந்து சிந்தியிருக்கும்; ஈரத்தில் சீனி கசிந்திருக்கும்; உப்பு தானே நீராகி நிறை குறையும். மண்ணெண்ணெய் ஆவியாகும். மொத்தமாக நிறுத்து ஏற்றதைச் சில்லறையாக நிறுத்துக் கொடுக்கும்போது ஒவ்வொரு நிறுவையிலும் தராசுத் தட்டு வாங்குவோர் பக்கம் சிறிது தாழவே செய்யும். தாழாவிடின் வாங்குவோர் விடமாட்டார். இவ்வாறு ஆயிரம் முறை சிறிது சிறிதாகத் தாழ்ந்ததன் மொத்தம் மாத முடிவில் கணக்குப் பரிசோதகர் முன் ‘குறைவு’ எனப் பெயர் பெறும். கழிவாக ஏற்கப்பட்ட அளவுக்கு மேற்பட்டதைக் கடை மனேஜரே கட்ட வேண்டும். வேலைக்குச் சேரும்போதே அவனிடம் பிணைப் பணம் பெறப்பட்டதன் காரணமும் இதுவே. மனேஜர் கள்ளன் என்ற பேச்சு நாடெங்கும் இருந்தது. பலர் கள்ளராகவும் இருந்தனர். ஆனால், நேர்மையாக நிறுத்தவனும் தன் கையிலிருந்து கட்ட வேண்டி வந்த ஓர் அமைப்பு, நேர்மையாளனை நெடுநாள் நேர்மையாக விட்டுவைத்திருக்குமா என்ற வினாவை எவரும் கேட்கவில்லை.

கத்தரிக்கோலால் கூப்பனை வெட்டி எடுப்பது, வெட்டியவற்றை எண்ணிக் கட்டுவது, கட்டுகளின் எண்ணிக்கையும் விற்ற அரிசியின் அளவும் ஒத்துவரச் செய்வது ஆகியன இரவு வேலை. அரிக்கேன் லாம்பின் கீழ் ஒரு கூப்பன் தவறி விழுந்தாலும் அத்தனை அரிசியும் கணக்கில் காணாமற் போனதாகும். பகலிலோ வரிசை. தோட்டத்துப் பெண்கள் கொழுந்து நிறுத்து முடிந்தபின் மாலையிலேயே வர முடியும். அரைநாள் விட்டு வந்தால் அரைப்பேர்தான் விழும். ஆகவே கடை மூடும் நேரத்தில்தான் வரிசை நீளும். 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம், வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு என்று விதித்தது. சட்டம் நல்ல சட்டம். மழையில் நனைந்தபடி ஆறு மைல் நடந்து வந்தவளிடம் ‘நேரம் முடிந்தது, நாளை வா’ என்று சொல்லும் நாவு எல்லாச் சிப்பந்திக்கும் வாய்க்கவில்லை. அவ்வாறு சொன்னவர்களும் இருந்தனர். அவர்களைப் பற்றிய வசைகள் லயங்களில் நெடுநாள் நிலைத்தன.

கடையிலிருந்து வீட்டுக்குச் சென்றது உண்ணும் பண்டம் மாத்திரமன்று. வெளிநாட்டிலிருந்து கோதுமை மா வந்த வெள்ளைத் துணிப் பைகள் காலியானதும் அவற்றுக்கெனத் தனியொரு கேள்வி இருந்தது. அச்செழுத்துப் போகும்வரை சவர்க்காரமிட்டுத் துவைத்து, தலையணை உறையாகவும் சிறுவர் சட்டையாகவும் தைத்துக்கொள்வர். எழுத்து முற்றாகப் போகாது; பிள்ளைகளின் முதுகில் மங்கலாக அந்நிய எழுத்து நிற்கும். அரிசிச் சாக்கு படங்காயிற்று. பனி தோய்ந்த தேயிலைச் செடி உரசி நனையாதிருக்கக் கொழுந்து பறிக்கும் பெண் இடுப்பைச் சுற்றிக் கட்டும் படங்கு, முன்னொரு நாள் அவளுக்கே அரிசி கொண்டுவந்த சாக்குத்தான். பிரித்தானியாவில் ஒக்ஸ்பாம் நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் ஒக்ஸ்போர்ட் நகரில் பழைய பொருட்களை விற்கும் கடையைத் திறந்ததும், பின்னர் அது நூற்றுக்கணக்கான கிளைகளாய் வளர்ந்ததும் அறியப்பட்டதே. அங்கு பழையதை விற்பது தருமமாகவும் தொழிலாகவும் அமைந்தது. ஊவாத் தோட்டங்களில் ஒரு பொருளை இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் பயன்படுத்துவதற்குக் கடையோ பெயரோ தேவைப்படவில்லை. காலிச் சாக்கை யாருக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிக்கும் சிறிய அதிகாரம் மட்டும் கடைச் சிப்பந்தியிடம் இருந்தது. கர்ப்பிணிக்கும் பிள்ளைக்காரிக்கும் முதலில் கொடுத்தவனை நல்லவன் என்றனர்.

பங்கீட்டரிசி இந்நாட்டின் அரசியலை ஆட்டிப் படைத்தது. 1953 இல் கொத்து 25 சதமாயிருந்த அரிசியை 70 சதமாக்கியபோது ஹர்த்தால் வெடித்துப் பிரதமர் பதவி விலக நேர்ந்ததை அனைவரும் அறிவர். ஆயினும், கூப்பன் கடை மேசைக்கு வந்த கொடிய காலம் 1973-74 ஆகும். உலகச் சந்தையில் உணவு விலை ஏறிற்று. அந்நியச் செலாவணி வற்றிற்று. பங்கீட்டரிசியும் மாவும் வெட்டப்பட்டன. கிராமத்தவனுக்குக் கொல்லையில் மரவள்ளியும் பலாவும் இருந்தன, சிறிதளவேனும் வயலிருந்தது. லயத்துக் குடும்பத்துக்கு வாசற்படிக்கு அப்பால் ஒரு முழ நிலமும் சொந்தமில்லை. கையிலுள்ள சம்பளமோ வெளிச் சந்தை அரிசிக்குப் போதாது. தோட்டப் பகுதிகளில் இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளை விட அப்பட்டமாக உயர்ந்தது. பட்டினியால் மலையிறங்கிப் பதுளை, பண்டாரவளை நகர வீதிகளில் கையேந்திய குடும்பங்களை அக்காலத்தவர் மறக்கவில்லை.

அந்நாட்களில் மேசைக்குப் பின்னால் நிற்பவனது வேலை ‘இல்லை’ என்று சொல்வதாயிற்று. லொறி வரவில்லை, வந்தது பாதி, மா இவ்வாரம் இல்லை. முடிவெடுத்தவர் கொழும்பில் இருந்தனர். அம்முடிவு மனித முகத்துடன் தோட்டத்தை வந்தடைந்த இடம் இவனது முகமே. வசவும் அழுகையும் அங்கேயே விழுந்தன. கள்ளச் சந்தைக்கு ஒரு மூட்டையைத் திருப்பியவனும், தன் வீட்டுப் பங்கை மேசைக்கடியில் அடுத்தவளிடம் நீட்டியவனும் அதே சம்பளப் பட்டியலில் இருந்தனர். 1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை மாறினார், அரிசிக் கணக்கு செக்ரோலில் ஏறுவது மாறவில்லை.

1979 இல் பங்கீட்டுக்குப் பதிலாக உணவு முத்திரை வந்தது. தகுதி, குடும்பத்தின் மாத வருமானத்தைக் கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. கமக்காரனின் வருமானம் அவன் சொல்லும் அளவு; தோட்டத் தொழிலாளியின் வருமானமோ ஒவ்வொரு சதமும் செக்ரோலில் எழுதப்பட்ட அளவு. தாயும் தந்தையும் வளர்ந்த பிள்ளையும் உழைத்தால் மூவரின் பேரும் சேர்ந்து எல்லையைத் தாண்டிவிடும். திறந்த பொருளாதாரம் பதுளைக் கடைவீதியை இறக்குமதிப் பண்டங்களால் நிறைத்தபோது கூப்பன் கடைகளின் அலுமாரிகள் வெறுமையடைந்தன.

பதுளைக் கடைவீதிக்கும் தனிக் கதையொன்றுண்டு. தமிழகத்து வணிகரும் யாழ்ப்பாணத்தவரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே கடை வைத்திருந்த வீதி அது. தமிழ்க் கடைகளில் தமிழகத்திலிருந்து வந்த உறவுக்காரப் பையன்கள் சிப்பந்திகளாக நின்ற காலம் போய், குடிவரவுக் கட்டுப்பாடுகளின் பின் அவ்விடங்களுக்குத் தோட்டத்து இளைஞர் வரத் தொடங்கினர். ஐந்தாம் ஆறாம் வகுப்புடன் பள்ளியை விட்டவனுக்குக் கொழுந்து மலையைத் தவிர்த்துத் திறந்திருந்த வாயில் இதுவொன்றே. முதலாண்டு கூட்டுவதும் தேநீர் வாங்குவதும், மறு ஆண்டு சரை சுற்றுவது, அதன் பின்னரே தராசு. படுக்கை கடைக்குள்ளேயே; மேசைகளைச் சேர்த்துப் போட்டால் கட்டில். 1983 ஜூலை 27 ஆம் நாள் பதுளை நகரத்துத் தமிழ்க் கடைகள் எரிக்கப்பட்டன. அழிவைக் கணக்கிட்டோர் கட்டடங்களையும் பண்டங்களையும் முதலாளிமாரின் இழப்பையும் எழுதினர். வேலை செய்த இடமும் உறங்கிய இடமும் சேமிப்பை வைத்திருந்த தகரப் பெட்டியும் ஒரே கூரையின் கீழ் எரிந்துபோன சிப்பந்திக்கு நட்டஈட்டுப் பத்திரத்தில் எழுத ஒரு முகவரிகூட மிஞ்சவில்லை.

அதன் பின்வந்த நான்கு தசாப்தங்களில் ஊவாத் தோட்டங்களின் இளந்தலைமுறை மலையை விட்டு இறங்குவது பெருவழக்காயிற்று. 1992 இல் தோட்ட முகாமைத்துவம் தனியார் கம்பனிகளுக்கு மாறியது. நாட்சம்பளம் 1000 ரூபாவாக வேண்டுமென்ற கோரிக்கை பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2021 இலேயே நிறைவேறியது. இளைஞரும் யுவதிகளும் கொழும்பின் புறக்கோட்டை மொத்தக் கடைகளுக்கும் வெள்ளவத்தைத் துணிக்கடைகளுக்கும் உணவகங்களுக்கும் அண்மைக்காலப் பேரங்காடிகளின் கிளைகளுக்கும் சென்றனர். கடையின் மேல்மாடியிலோ பின்புற அறையிலோ பத்துப் பன்னிரண்டு பேர் பாய் விரித்துப் படுப்பதும், சாப்பாடும் தங்குமிடமும் போக மிச்சமே சம்பளம் என்பதும், இரவு கதவடைக்கும் நேரம் முதலாளியின் விருப்பம் என்பதும் லிப்டன் காலத்துப் பிரித்தானியக் கடைகளை அறிந்தவருக்குப் புதிய செய்திகளல்ல. அங்கு ஒழிந்த முறை இங்கு ஊவாவின் பிள்ளைகளைக் கொண்டு தொடர்கின்றது. 1954 ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் நடைமுறையில் உள்ளது. நியமனக் கடிதமோ சம்பளச் சிட்டையோ ஊழியர் சேமலாப நிதி இலக்கமோ இல்லாதவனிடம் அச்சட்டம் சென்று சேரும் வழி யாதென்பதைத் தொழிற் திணைக்களமும், தோட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்ட தொழிற்சங்கங்களும் இனிமேல்தான் எண்ண வேண்டியிருக்கின்றது.

தோட்டத்தில் ஆண்டுக்கொரு முறை தீபாவளி முற்பணம் கொடுக்கப்படுகின்றது. பின்னர் அது மாதாமாதம் சம்பளத்தில் கழிக்கப்படும். அப்பணத்துடன் குடும்பங்கள் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் ஹப்புத்தளைக்கும் இறங்கி, நடைபாதைகளிலும் மலிவு விற்பனைக் கடைகளிலும் துணி எடுக்கின்றன. ஆடைத் தொழிற்சாலைகளில் சிறு பழுதென்று கழிக்கப்பட்ட சட்டைகளும் அங்கு குவியலில் கிடக்கும். தையலைத் திருப்பிப் பார்த்து, பழுது எங்கே என்று கண்டுபிடித்து, அது மடிப்புக்குள் மறையுமா என ஆராய்ந்த பின்னரே விலை பேசுவர். அதே வாரம் கொழும்புத் துணிக்கடைகளுக்கு ஆண்டின் பெரிய வியாபார வாரம். சிப்பந்திகளுக்கு விடுமுறை கிடையாது. பண்டிகைக்கு முன்னிரவு கடைசி வாடிக்கையாளர் போன பின், விரித்துக் காட்டிய சேலைகள் யாவற்றையும் மடித்து அடுக்கிவிட்டு, ஊவாவின் பிள்ளைகள் கோட்டைப் புகையிரத நிலையத்துக்கு ஓடுவர். இரவு வண்டியைப் பிடித்தவன் விடிந்தபின் ஹப்புத்தளையில் இறங்கி, லயத்தை அடையும்போது எண்ணெய் தேய்த்துக் குளித்து முடிந்திருக்கும். பிடிக்கத் தவறியவன் கடைக்கே திரும்பி மேல்மாடியில் படுத்துக்கொள்வான்.